மைக்கில் பேசினால் தெருவே கேட்கும், போனில் பேசினால்?

கேள்வி, கொடுங்கையூர் வாசகர் ஒருவர், 2025 ஆகஸ்ட் 5
முன்பு கட்சிக்காரர் மைக் பிடித்தார், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆளும் அதே, பேச்சும் அதே. இதில் என்ன பெரிய மாற்றம்? போன் வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கே வாய் கிடைத்தது. வடசென்னைக்காரர்கள் யாராவது மறுத்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

2025 ஆகஸ்ட் 6
மறுக்கிறேன். பேச்சு அதே இல்லை.

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், லேமினேஷன், ஆதார் பிரிண்ட் எல்லாம் உண்டு. கூடவே காசு வாங்காத ஒரு வேலை: போன் நிறைந்துபோய் நின்றுவிட்டது என்று ஆயாக்களும் அக்காக்களும் கொண்டுவந்து நீட்டுவார்கள். கேலரியைத் திறப்பேன். பக்கத்தில் நின்று "இது இருக்கட்டும், இது போட்டும்" என்பார்கள், நான் அழிப்பேன். ரோஜாப்பூ காலை வணக்கம், பேரன் பிறந்தநாள், அப்புறம் அரசியல். அரசியல்தான் அதிகம்.

போன வாரம் ஒரே சாயங்காலத்தில் இரண்டு போன் வந்தது. இரண்டும் ஒரே தெரு, நான்கு வீடு தள்ளி. ஒன்று ஃபுட்பால் ஆடுகிற காலேஜ் பையனுடையது, இன்னொன்று மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு அக்காவுடையது. எங்கள் தெருக் கோடியில் பழைய லாரி ஷெட் ஒன்று இடிந்து காலி மனையாகக் கிடக்கிறது. பையனுக்கு வந்த செய்தி: அந்த இடத்தில் இளைஞர்களுக்கு டர்ஃப் மைதானம் வரப்போகிறது. அக்காவுக்கு வந்த செய்தி: அதே இடத்தில் சமுதாயக் கூடம், இனி வளைகாப்புக்கு வாடகை மண்டபம் தேட வேண்டாம். அனுப்பியவர் ஒரே ஆள், எங்கள் பகுதிக் கட்சிக்காரர். செய்தியோடு வந்த போட்டோவும் ஒன்றுதான், அந்தக் காலி மனையின் முன்னால் அவர் கைகூப்பி நிற்கிற படம்.

இதைத் தெருமுனைக் கூட்டத்தில் செய்திருக்க முடியுமா? மைதானம் என்று அவர் மைக்கில் சொன்ன நொடியில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கும் காதில் விழுந்திருக்கும். மறுநாள் மண்டபம் என்று சொல்ல வாய் வராது.

2025 ஆகஸ்ட் 7
"யாரோ கிளப்பிவிட்ட ஃபார்வர்டாக இருக்கலாமே, அவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இரண்டிலும் ஃபார்வர்டு அம்புக்குறி இல்லை. அவருடைய நம்பரிலிருந்தே நேராக வந்தவை.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் கடையில் உட்கார்ந்திருந்தும் எனக்கே வெகுநாள் புரியவில்லை. வாட்ஸ்அப்பில் குரூப் வேறு, பிராட்காஸ்ட் லிஸ்ட் வேறு. குரூப்பில் போட்டால் எல்லாரும் எல்லாருடையதையும் பார்க்கலாம், பதில் கேள்வி கேட்கலாம். பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்த்துக்கொண்டு ஒரே தட்டலில் அனுப்பலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அது தனிச் செய்தி மாதிரிதான் வரும். கூட யாருக்குப் போனது என்று தெரியாது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. வாங்குகிறவர் போனில் அனுப்புகிறவர் நம்பர் சேவ் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேராது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரு காட்சி எனக்கு விளங்கியது. உறுப்பினர் சேர்க்கை என்று வீடு வீடாக வருகிறார்கள் இல்லையா, பேசிவிட்டு "போனைக் குடும்மா" என்று வாங்கி, தங்கள் நம்பரைத் தாங்களே சேவ் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அவசரத்துக்குக் கூப்பிடத்தான் என்பார்கள். நான் சுத்தம் செய்கிற பல போன்களில் "வட்டம் அண்ணன்" என்ற பெயர் இருக்கிறது. வட்டம் என்றால் கட்சியின் வார்டுப் பொறுப்பு, அந்த இரண்டு செய்தியையும் அனுப்பியவர் இவர்தான். எழுதியது அந்த வீட்டுக்காரர் இல்லை.

எதிர்வீட்டு ஆயா ஒரு பொங்கல் வாழ்த்தைக் காட்டி "எனக்குன்னே எழுதிக்கீறான் பாரு" என்றாள். அவளுடைய பெயர்கூட அதில் இல்லை. ஆனாலும் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, 256 பேர் கணக்கை அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2025 ஆகஸ்ட் 8
நம்பர் என்றதும் ஓடிபி விஷயத்தைக் கேட்கிறீர்கள். ஜூலையில் திமுக "ஓரணியில் தமிழ்நாடு" என்று வீடு வீடாகப் போனபோது போனுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்த்தார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 21-ஆம் தேதி இடைக்காலத் தடை போட்டது. உறுப்பினர் சேர்க்கைக்குத் தடையில்லை, ஓடிபிக்குத்தான். கட்சி உச்ச நீதிமன்றம் போனது, இந்த ஆகஸ்ட் 4-ஆம் தேதி அங்கேயும் தலையிட மறுத்துவிட்டார்கள்.

ஒரு கட்சியை மட்டும் சொல்லி நிறுத்தினால் தப்பாகிவிடும். 2014 கடைசியில் பாஜக மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்று ஆரம்பித்தபோதும் கட்சிக்குக் கையில் கிடைத்தது முதலில் நம்பர்தான். என் கடைக்கு வாக்காளர் பட்டியல் பிரிண்ட் எடுக்க மூன்று கட்சிப் பையன்களும் வருகிறார்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் பாகம் வாரியாக யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெயர், வயது, வீட்டு எண், தகப்பன் அல்லது கணவன் பெயர் இருக்கும், போன் நம்பர் இருக்காது. இரண்டு வாரம் கழித்து அதே தாள்களை ஜெராக்ஸ் போட எடுத்து வருவார்கள். அப்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பேனாவில் பத்து இலக்கம் எழுதியிருக்கும். சில பெயருக்குப் பச்சை டிக், சிலதுக்குச் சிவப்பு, சிலதுக்குக் கேள்விக்குறி. ஒரு முறை தாளைக் கண்ணாடி மேல் வைக்கும்போது என் வீட்டு எண் கண்ணில் பட்டது. என் பெயருக்குக் கேள்விக்குறி. என் மனைவி பெயருக்குப் பச்சை. என் அம்மா பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அம்மா தவறி அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது.

மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. விதிகள் இன்னும் வரைவாகவே கிடக்கின்றன.

2025 ஆகஸ்ட் 9
"அப்போ குரூப்பே மேல் என்கிறீர்களா?" குரூப் பிராட்காஸ்டைவிட மேல்தான், ஆனால் சாவி அட்மின் கையில். எங்கள் வார்டு குரூப்பில் கழிவுநீர் கலந்து குழாய்த் தண்ணீர் வருவதாக பாட்டிலில் பிடித்துப் படம் போட்ட ஒருவரைப் பத்தே நிமிடத்தில் வெளியேற்றினார்கள். படத்தையும் நீக்கிவிட்டார்கள். காரணம் கேட்டவர் அடுத்து வெளியே போனார். மூன்றாவதாக யாரும் கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் 14, அதிகாலை
தூக்கம் வரவில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நேற்று ராத்திரி அப்புறப்படுத்தினார்கள். 13 நாள் போராட்டம். அங்கே போராட அனுமதிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட அதே நாள் ராத்திரி. எங்கள் தெரு அக்கா ஒருத்தி அங்கே இருந்தாள். லைவ் வீடியோவில் இருட்டும் சத்தமும்தான் தெரிகிறது, நடுவில் பஸ் லைட். அவள் குரல் கேட்கிறதா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

2025 ஆகஸ்ட் 14, இரவு
அக்கா பத்திரமாக வீடு வந்துவிட்டாள். கேட்டவர்களுக்கு நன்றி.

ஒன்றை எழுதியாக வேண்டும். ராத்திரி முழுக்க நாடே அந்த வீடியோக்களைப் பார்த்தது. ஆனால் காலையில் எங்கள் வார்டு குரூப்பைத் திறந்தால் காலை வணக்கம், சுதந்திர தின விழா அழைப்பு, அவ்வளவுதான். 13 நாளும் அந்தக் குரூப்பில் ஒரு வரி கிடையாது. எங்கள் தெருக் குப்பையை அள்ளுகிறவளைப் பற்றி எங்கள் தெருக் குரூப்பில் பேச்சில்லை. கொடுங்கையூர் நண்பர் சொன்ன "வாய் கிடைத்தது" பாதி நிஜம் என்று ராத்திரி நினைத்தேன், காலையில் கோபம் வந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 17
"பழைய காலத்தைத் தங்கத் தட்டில் வைக்கிறீர்கள்" என்று ஒருவர். கொஞ்சம் உண்மை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் முன்னால் நின்று பேசினார்கள். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தது. என் தாத்தா நனைந்துகொண்டே நின்றதாகச் சொல்வார். அங்கே பேசினவர் முகத்தைக் கூட்டமும் பார்த்தது, கூட்டத்தின் முகத்தை அவரும் பார்த்தார். எனக்கு முக்கியம் அதுதான்.

ஆனால் ஒரு வாசகி எழுதியது என்னை நிறுத்திவிட்டது. "அந்தக் கூட்டங்களில் என் பாட்டி எங்கே நின்றாள் என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டீர்களா?" கேட்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருப்பாள், அல்லது அடுப்படியில். மைக் அன்றைக்கும் ஆண்கள் கையில்தான், மேடை போடக் காசு உள்ளவர்கள் கையில்தான் இருந்தது. பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்ட பெண்ணை என் சின்ன வயதில் நான் பார்த்ததே இல்லை. போன் இதை உடைத்தது. ரிப்பன் மாளிகை வீடியோக்களில் பேசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 18
ஆர்.கே. நகரை மறந்துவிட்டீர்களே என்று நான்கு பேர். எப்படி மறப்பேன், என் தொகுதி அது. 2017 ஏப்ரல் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாக ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது, வாக்குப்பதிவு அன்று காலையில் ஜெயலலிதா மருத்துவமனையில் படுத்திருக்கிற வீடியோவை வெளியிட்டார்கள். டிவிகளை நிறுத்தச் சொல்லி ஆணையம் உத்தரவு போட்டது. டிவி நின்றது, போன் நிற்கவில்லை. என் கடையில் பதினைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

2025 ஆகஸ்ட் 18, சற்று நேரம் கழித்து
திருத்தம். வாக்குப்பதிவு அன்று இல்லை, முந்தின நாள், டிசம்பர் 20. மறுநாள்தான் ஓட்டு. தேதி முக்கியம், ஏனென்றால் கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவை வைத்துத்தான் தடையே வந்தது. அந்தச் சட்டம் எழுதியபோது மைக்கை அணைத்தால் ஊர் அடங்கும். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு கூடாது என்ற கட்டுப்பாடும் வந்திருக்கவில்லை. அது 2018 ஜூலையில், குழந்தை கடத்தல் வதந்தியால் நாடு முழுக்க உயிர்கள் போன பிறகு. அந்த மே மாதம் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் மனநலம் சரியில்லாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த வதந்தி ஒலிப்பதிவு என் கடைக்கு வந்த போன்களிலும் இருந்தது. சிலர் அழிக்க விடவில்லை. "இருக்கட்டும்பா, புள்ளைங்க கீதுங்க" என்றார்கள். பயந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குரலைப் பதிவு செய்தவன் யார் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 24
எண்ணூரிலிருந்து என் மச்சான் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போன் செய்து திட்டினான். "போன் இல்லன்னா எங்கள யார் பாத்திருப்பா மாமா?" அவன் தரப்பைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. முதல் சில நாள் பெரிய செய்தியே இல்லை, ஊர் முழுக்க வெள்ளம் என்பதால். மச்சான் காட்டுக்குப்பத்திலிருந்து எடுத்தனுப்பிய முதல் வீடியோ என்னிடம் இன்னும் இருக்கிறது. 40 விநாடி. தண்ணீரில் கையை விட்டு எடுக்கிறான், முழங்கை வரை கறுப்பு, சொட்டுவதுகூட இல்லை, வழிகிறது. வலை கறுப்பு, படகு ஓரம் கறுப்பு. பின்னால் ஒரு அம்மா மக்கில் அள்ளி டிரம்மில் ஊற்றுகிறாள். இந்த மாதிரி நூறு வீடியோ கிளம்பிய பிறகு யாரும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது.

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். மச்சான் குடும்பத்தை எழுப்பியது சைரன் இல்லை, ஒரு வாய்ஸ் மெசேஜ். "மூஞ்ச ஈரத்துணியால மூடு, கதவத் தொறந்து ஓடு." ஒன்பது விநாடி.

ஆகவே நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். போனில் பேசுவது வேறு, போனுக்குள் ஒவ்வொருவரிடமாகத் தனியே பேசுவது வேறு. மச்சானின் வீடியோவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பொய்யென்றால் பொய்யென்று சொல்லலாம். டர்ஃப் செய்தியை அப்படிச் சொல்ல எதிராளிக்கு அது கண்ணிலேயே படாது.

2025 ஆகஸ்ட் 26
சட்டம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. குரூப் உறுப்பினர் போடுகிற பதிவுக்கு அட்மின் மாட்டுவாரா? அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஃபார்வர்டு மட்டும் செய்தேன், நான் எழுதவில்லை என்றால்? தப்ப முடியாது. எஸ்.வி. சேகர் வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பிய செய்தி விட்ட அம்பு மாதிரி, விளைவுக்கு அனுப்பினவரே பொறுப்பு என்றது.

2025 ஆகஸ்ட் 30
குரல் போலி பற்றி. 2024 ஜனவரியில் மறைந்த கலைஞர் ஏஐ வீடியோவில் தோன்றி ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்தினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு அவர் குரலில் அதிமுக ஒலிப்பதிவு வெளியிட்டது. இரண்டு பக்கமும் மறைக்கவில்லை, ஏஐ என்று சொல்லித்தான் செய்தார்கள்.

எதிர்வீட்டு ஆயா அம்மாவுக்கு ஓட்டுப் போட்டவள். அந்தக் குரலைக் கடையில் கேட்டாள். இரண்டாம் முறை போடச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொரலு அவங்களுதுதான். ஆனா செத்தவங்க வாயில வார்த்தய வெக்கிறது பாவம்பா. வேணாம்னு சொல்ல அவங்க வர முடியுமா?" என்றாள். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

2025 செப்டம்பர் 3
ஒரு காரியம் செய்திருக்கிறேன். டர்ஃப் செய்தியையும் மண்டபச் செய்தியையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பக்கத்தில் பக்கத்தில் கடை வாசலில் ஒட்டினேன். நானாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

2025 செப்டம்பர் 5
மண்டபச் செய்தி வந்த அக்கா கோபமாக வந்தாள். "என் போன்ல வந்தத என்னக் கேக்காம எப்டி ஒட்டுன?" அவள் சொன்னது சரி. சுத்தம் செய்யக் கொடுத்த போனைப் படித்ததே தப்பு, ஒட்டியது அதைவிடத் தப்பு. பட்டியல் போடுகிறவர்களைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு நானும் அதையே செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக் கிழித்துவிட்டேன்.

2025 செப்டம்பர் 6
அக்காவே மறுபடி வந்தாள். கையில் அந்தக் காலேஜ் பையனையும் இழுத்துக்கொண்டு. ராத்திரி இரண்டு பேரும் போனை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "இப்ப ஒட்டு. ரெண்டு பேரும் சொல்றோம்." ஒட்டியாயிற்று. யார் போனில் வந்தது என்ற அடையாளம் இல்லாமல். இனி எது ஒட்டினாலும் கொண்டுவந்தவர் சம்மதத்தோடுதான்.

2025 செப்டம்பர் 14
இன்று சாயங்காலம் "வட்டம் அண்ணன்" வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு தாளையும் படித்தார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் கிழிப்பார் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை. ஆயா வாசற்படியிலிருந்து எழுந்தே வந்தாள். "இன்னாப்பா, மைதானமா மண்டபமா, ஒண்ணு சொல்லு."

அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆயா, ரெண்டுமே எங்க கையில இல்ல. அந்த எடம் கோர்ட்டுல கீது. கேஸ் முடியாம ஒரு செங்கல் வெக்க முடியாது" என்றார்.

யாரும் சண்டை போடவில்லை. பையன் மட்டும், "இத மொதல்லயே சொல்லிருக்கலாமேண்ணா" என்றான். அவர் பதில் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

2025 நவம்பர் 20
ஆகஸ்ட் 8-இல் எழுதியதற்குத் திருத்தம்: தரவுப் பாதுகாப்பு விதிகள் இந்த மாதம் அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆனால் நம் நம்பரை வைத்திருப்பவர்களைக் கேள்வி கேட்கிற பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாதம், அதாவது சட்டமன்றத் தேர்தல் முடிந்த பிறகு. தனிநபர் தகவலைத் தர மறுக்கலாம் என்கிற தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் இருந்த நிபந்தனைகளை எடுத்துவிடுகிற திருத்தம் மட்டும் உடனே வந்துவிட்டது. இனி வார்டு வேலைக்கு யார் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டால், தனிநபர் தகவல் என்று மறுக்க வழி அகலமாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை இது முறையில்லை. நாம் அவர்களுக்குத் தெரிவோம், அவர்கள் நமக்குத் தெரிய மாட்டார்கள்.

ஏஐ பற்றியும் ஒன்று. அக்டோபரில் தேர்தல் ஆணையம் சொன்னபடி, செயற்கையாகச் செய்த பிரசார ஒலிப்பதிவில் முதல் 10 சதவீத நேரம் அதைச் சொல்லியாக வேண்டும். ஆயாவிடம் சொன்னேன். "மீதி நேரம்?" என்று கேட்டாள்.

கடை வாசலில் இப்போது ஏழு தாள் இருக்கிறது, மூன்று கட்சியுடையதும். போன வார மழையில் மை கரைந்து டர்ஃபும் மண்டபமும் ஒன்றாக வழிந்துவிட்டன. நேற்று மறுபடி அச்செடுத்து, இந்த முறை லேமினேட் செய்து ஒட்டினேன். லேமினேஷன் காசை அந்த அக்கா கொடுத்தாள்.